பாடத் தெரியாதவளுக்கு எங்கே இடம்?

பாட்டுக்குச் சாதியில்லை, இனமில்லைன்னு சொல்றது யார்? பெரும்பாலும் கேட்கிறவன்தான். பாடுகிறவள் அப்படிச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை.

1950களில் லண்டனின் கேம்டன் டவுன் பகுதியில் பெட்போர்டு ஆர்ம்ஸ் என்று ஒரு மதுக்கடை. பிழைக்க வந்த அயர்லாந்துக் கூலிகள் வேலை முடிந்து கூடுகிற இடம். அங்கே ரெண்டு பேர். ஒருவர் பிடில் வாசிக்கிற மைக்கேல் கார்மன், ஸ்லைகோ மாவட்டத்துக்காரர், 1895இல் பிறந்தவர். பக்கத்தில் பாஞ்சோவோடு மார்கரெட் பேரி. 1917இல் கார்க் நகரில், ‘டிராவலர்’ எனப்படும் நாடோடிச் சமூகத்தில், தெருப்பாடகர் குடும்பத்தில் பிறந்தவர். பதினாறு வயசில் வீட்டைவிட்டு வெளியேறி, தெருவிலும் சந்தையிலும் பாடிப் பிழைத்தவர். தெரு இரைச்சலை மீறிக் கேட்கவேண்டிய தொண்டை அது. நடனமெட்டு வந்தால் பிடில் முன்னே போகும், பாஞ்சோ துணைக்குப் போகும். பாட்டு வந்தால் எல்லாம் அவள் குரல்தான். லண்டன் மதுக்கடைகளில் பதிவான இந்த இசை 1965இல் போக்வேஸ் இசைத்தட்டாகவும் வந்தது.

அந்த ரெண்டு பேருக்கு நடுவில் நடந்தது பொய்யில்லை. ஒருத்தர் மூச்சை ஒருத்தர் கவனிக்காமல் அப்படி வாசிக்க முடியாது. என் கேள்வி எதிரே உட்கார்ந்து கை தட்டியவனைப் பற்றியது. கை தட்டினதோடு அவன் கணக்கு தீர்ந்துவிட்டதா?

டிராவலர்கள் தகரப் பாத்திரம் செய்தும், குதிரை வியாபாரம் செய்தும், ஊர் ஊராகப் பாட்டும் குழலும் கொண்டுபோயும் வாழ்ந்தவர்கள். அயர்லாந்தில் மதுக்கடை வாசலிலேயே அவர்களைத் திருப்பி அனுப்புவது வழக்கமாகவே இருந்தது. 2000இல் வந்த சம அந்தஸ்துச் சட்டம் டிராவலர் என்பதற்காக மறுக்கக்கூடாது என்று பெயர் சொல்லியே எழுதவேண்டி வந்தது. உள்ளே அவர்கள் மெட்டு, வெளியே அவர்கள். இதை நம்ம ஊர் ரெட்டைக் கிளாசோடு ஒண்ணாக்கிவிட வேண்டாம், அங்கே இருப்பது சாதியில்லை. ஆனால் வாசலில் நிற்கிறவளின் வயிறு எப்படி எரியும்னு நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

2017ஆம் வருஷத்தைப் பாருங்கள். மார்ச் 1 அன்றுதான் அயர்லாந்து அரசு டிராவலர்களைத் தனி இனக்குழு என்று ஒப்புக்கொண்டது. அதே வருஷம் டிசம்பரில் இல்லியன் பைப் என்கிற அந்நாட்டுக் குழலிசையை யுனெஸ்கோ மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தக் குழலைச் சந்தை சந்தையாக வாசித்து உயிரோடு வைத்திருந்தவர்களில் ஜானி டோரன் போன்ற டிராவலர்கள் உண்டு. 2010இல் வெளியான டிராவலர் நலவாழ்வு ஆய்வு சொன்னது: அவர்களின் ஆண்கள் மற்ற ஆண்களைவிட 15 ஆண்டு முன்னதாகச் சாகிறார்கள். குழல் பிழைத்தது. ஊதினவன்?

இன்னொன்றும் இருக்கிறது. ‘ஷீ மூவ்டு த்ரூ த பேர்’ பாட்டை மார்கரெட் பாடினால், மண்ணிலிருந்து தானாக முளைத்த ஆதிகாலப் பாட்டு என்று மெய்மறந்தவர்கள் உண்டு. பாட்ரிக் கோலம் எழுதி 1909இல் அச்சான பாட்டு அது. ஜான் மெக்கார்மக்கின் கிராமபோன் தட்டைக் கேட்டுக் கற்றதாக அவளே சொன்னாள். காதுகொடுத்துக் கேட்டு, உழைத்து, தன்னுடையதாக்கிக்கொண்டாள். ‘ரத்தத்திலேயே ஊறினது’ என்று புகழ்கிறவன் அந்த உழைப்பைத்தான் திருடுகிறான். நாம படிச்சோம், பழகினோம் என்பதை ஒத்துக்கொள்ள அவனுக்கு மனசு வராது.

அப்போ கலையால் ஒன்றுமே ஆகாதா? ஆகும். பாடினவளுக்கு அது சோறு, தைரியம், பெயர். மார்கரெட் 1989இல் இறந்தாள், குரல் இருக்கிறது. அதை யாருக்கும் விட்டுத்தர வேண்டியதில்லை. ஆனால் பாட்டு கொடுத்த இடம், பாட்டு முடியும்வரைக்கும்தான். திறமையைக் காட்டி வாங்குகிற மரியாதைக்கு மரியாதை என்று பேரில்லை, அது கூலி.

ஆகவே என் சோதனை இதுதான். பாஞ்சோ இல்லாமல், பாடத் தெரியாத ஒரு டிராவலர் பெண், புள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதே கடைக்குள் வருகிறாள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ரசிகன் நகர்ந்து இடம் கொடுக்கிறானா? கொடுத்தால் அவனுக்குப் பாட்டு கேட்டிருக்கிறது. இல்லையென்றால், அவன் காதில் விழுந்தது சத்தம் மட்டும்தான்.