யார் செய்த பாவம்?

ஒரு வீட்டில் ஒருவருக்குச் சித்தம் கலங்கிவிட்டால், வைத்தியரைத் தேடுமுன்னர் ஊர் காரணத்தைத் தேடத் தொடங்கிவிடும். யார் செய்த பாவம்? எந்தத் தலைமுறையின் சாபம்? யார் வைத்த சூனியம்? பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள் ஆண்டவரிடம் கேட்டதும் இத்தகைய கேள்வியே. அக்கேள்வியின் அடிப்படையையே அவர் மறுத்தார். நாமோ இன்னும் அதை விட்டபாடில்லை.

இல்லாத குரல் காதில் ஒலிப்பதும், எல்லாரும் தனக்கெதிராகச் சதி செய்கிறார்கள் என்று அசையாது நம்புவதும் உளமாய நோயின் குறிகள். அவ்வகையில் கடுமையான மனச்சிதைவு நோய் உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு உண்டென உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இதில் பரம்பரைக்குப் பங்குண்டு. ஆயினும், ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இந்நோய் வந்தால், மற்றவருக்கும் வரும் வாய்ப்பு பாதிக்கு மேற்படுவதில்லை. ஆகவே மிகுதிக் காரணங்களை வாழ்க்கையில்தான் தேடவேண்டும்.

1939இல் பாரிஸ், டனம் என்னும் இரு சமூகவியலாளர் சிக்காகோ நகரின் நோயாளர் எங்கெங்கே வாழ்ந்தனர் என்று ஆராய்ந்தனர். வறுமை மிகுந்த, அயலவர் ஒருவரையொருவர் அறியாத நடுநகர்ப் பகுதிகளிலேயே மனச்சிதைவு நோய் செறிந்திருந்தது. வறுமை நோயைத் தந்ததா, நோய் வறுமையில் தள்ளியதா என்ற விவாதம் அன்றே எழுந்தது, இரண்டிலும் உண்மையுண்டு. சிறுபிராயத்துக் கொடுமை, புலப்பெயர்வு, ஒதுக்கப்படுதல், தனிமை, கஞ்சா ஆகியனவும் ஆபத்தைக் கூட்டுகின்றன எனப் பிந்திய ஆய்வுகள் காட்டின.

கொள்ளைநோய்க் காலம் இச்சுமைகளில் பலவற்றை ஒரே வேளையில் ஏற்றுகிறது. தொற்றே சிலரின் மூளையைக் கலக்குவதுண்டு. 1918ஆம் ஆண்டின் இன்புளுவென்சாவை அடுத்து வந்த சித்தக் கலக்கத்தை பொஸ்டன் நகரில் கார்ள் மெனிஞ்சர் என்ற வைத்தியர் பதிவு செய்திருக்கிறார். ஆனால் தொற்று தீண்டாத வீட்டையும் பசி தீண்டியது. 2020 மார்ச் 20 மாலை நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது, மாதச் சம்பளக்காரருக்கு வீடு புகலிடமாயிற்று. நாட்கூலிக்காரருக்கு அடுப்பு அணைந்தது. ஏப்ரலிலும் மேயிலும் அரசு கொடுத்த 5000 ரூபா எத்தனை நாளைக்குப் போதும்? ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் தொற்றுப் பரவியதும், மக்கள் மீனைத் தொடவே அஞ்சினார்கள். நவம்பரில் முன்னாள் கடற்றொழில் அமைச்சர் ஒருவர் பத்திரிகையாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்டவேண்டி வந்தது. கடலை நம்பி வாழும் திருகோணமலைக் கரையோரத்துக்கு இது எத்தகைய அடி! அதுவும் போரையும் 2004ஆம் ஆண்டுச் சுனாமியையும் சுமந்த குடும்பங்கள் மேல் விழுந்த அடி.

அப்படியானால் எல்லாருக்கும் ஏன் நோய் வரவில்லை என்று கேட்கலாம். ஒரே காற்றில் எல்லா வள்ளங்களும் கவிழ்வதில்லை. அதற்காகக் காற்றே வீசவில்லை என்று எந்த மீனவனும் சொல்லமாட்டான். செல்வர் வீட்டிலும் இந்நோய் வருவதுண்டு. ஏழைகளிலும் மிகப் பெரும்பாலோர் தெளிந்த சித்தத்துடனேயே வாழ்கிறார்கள். ஆகவே எந்த ஒரு வீட்டையும் சுட்டி இன்னதே காரணம் என்று தீர்ப்பிட நமக்கு உரிமையில்லை.

குற்றம் வேறு, பொறுப்பு வேறு. நோயுற்றவர் குற்றவாளியல்லர், பெற்ற தாயும் குற்றவாளியல்லள். ஆனால் பொறுப்பு நம் எல்லார்க்கும் உண்டு. வேலையிழந்தவனிடம் வட்டியைக் கூட்டிக் கேட்டவர், தனிமைப்படுத்தப்பட்ட குடும்பத்தை நாட்கள் முடிந்த பின்னரும் விலக்கி வைத்த அயலவர், பட்டியலில் பெயரில்லை என்று நிவாரணத்தை மறுத்தவர் ஆகிய எவரும் நோயை நினைத்து அப்படிச் செய்யவில்லை. ஆயினும் சுமையில் ஒரு கல்லை வைத்தார்கள். நாம் வைத்த கல்லை நாமே இறக்குவது தருமம் அன்று, நீதி.

அந்த நீதி வீட்டுக்கு வீடு தொடங்கலாம். நோய் தொடங்கியதும் சிகிச்சை பெற்றால் குணமடையும் வாய்ப்பு அதிகம். வெட்கத்தால் மறைத்துவைக்கும் ஒவ்வொரு மாதமும் நட்டமே. செபியுங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள். மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். குணமடைந்து வருபவருக்குத் தொழிலும், அவருடைய சகோதரிக்குக் கலியாணமும் தடைப்படாதிருக்க ஊர் துணைநிற்கவேண்டும்.

அடுத்த முறை அத்தகைய வீட்டைக் கடக்கும்போது, யார் செய்த பாவம் என்று கேளாமல், இன்று அடுப்பெரிந்ததா என்று கேட்டுக்கொண்டு உள்ளே செல்வோம்.