மடியில் கனமும் வழியில் பயமும்

'மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை' என்பது நம்மவர் பழமொழி. குற்றம் செய்யாதவன் சோதனைக்கு அஞ்ச வேண்டியதில்லை என்ற பொருளில் இன்று அதனை வழங்குகின்றோம். ஆயின் சொற்களை உற்று நோக்கின், முதற்பொருள் வேறெனத் தெரியும். மடியிற் பணம் கட்டியவன் வழியிலே கள்வனுக்கு அஞ்சுகிறான். வெறும் மடியோடு போகிறவன் அஞ்சுவதில்லை. இந்தப் பொருளை மனத்திற் கொண்டு நம் காலத்தைப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். பெருங்கனம் சுமப்பவன் இன்று நிமிர்ந்து நடக்கிறான். சிறு முடிச்சொன்றை மடியில் வைத்திருப்பவனோ கள்வனுக்கும் அஞ்சுகிறான், காவலனுக்கும் அஞ்சுகிறான். இந்த இரண்டாவது அச்சம் நியாயமானதா என்பதே நாம் ஆராய விரும்பும் கேள்வி.

போதைப்பொருள், ஊழல், மோசடி ஆகியவற்றால் சேர்த்த பணத்தை நேர்மையான வருமானம் போலத் தோன்றச் செய்வதற்குப் பணம் தூயதாக்கல் என்று பெயர். அதனைத் தடுக்கும் விதிகள் உலகெங்கும் இறுகி வருகின்றன. 2019 யூனில், நிதியியல் நடவடிக்கைச் செயலணி என்னும் சர்வதேச அமைப்பு, வங்கிகளுக்கு விதித்திருந்த கடமைகளை மெய்நிகர் நாணயச் சந்தைகளுக்கும் விரிவாக்கியது. 1000 டொலருக்கு மேற்பட்ட தொகை கைமாறும்போது அனுப்புபவர், பெறுபவர் ஆகியோரின் விவரமும் உடன் செல்ல வேண்டும் என்றது. இந்தியா 2023 மார்ச்சில் இவ்வணிகத்தைத் தன் பணம் தூயதாக்கல் தடைச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசெம்பர் 30 முதல், சேவை நிறுவனங்களுக்கிடையே கைமாறும் எத்துணைச் சிறு தொகைக்கும் இவ்விவரம் வேண்டும் என்றது.

இலங்கையில் பணம் தூயதாக்கலுக்கெதிரான சட்டமும், நிதியியல் கொடுக்கல்வாங்கல்களை அறிக்கையிடும் சட்டமும் 2006ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டன. 2017 நவம்பரில் செயலணியின் சாம்பல் பட்டியலில் நாடு சேர்க்கப்பட்டதும் வங்கிகளின் கேள்விகள் கூடின. 2019 ஒக்டோபரில் பட்டியலிலிருந்து நீங்கிய பின்னரும் அவை குறையவில்லை. மெய்நிகர் நாணயத்தைப் பற்றி மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் மக்களை எச்சரித்தது. இந்நாணயச் சந்தையை நடத்த எவருக்கும் உரிமம் வழங்கவில்லை என்றும், வங்கி அட்டைகளால் இதனை வாங்கலாகாது என்றும் அறிவித்தது. இந்த அறிவித்தல்களின்படி, இதனைக் கையாள்பவருக்கு நட்டம் வந்தால் முறையிட இடமில்லை. ஆனால் அவருடைய வங்கிக் கணக்கின் மீதான கண்காணிப்பு மட்டும் முழு வலிமையோடு இருந்தது.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ வாழும் மக்களுக்கு இஃது எட்டாத் தொலைவுச் செய்தியன்று. கிண்ணியாவிலும் மூதூரிலும் பல குடும்பங்களின் அடுப்பு வளைகுடா நாடுகளின் வெயிலில் உழைப்போரால் எரிகிறது. 1983க்குப் பின் கடல் கடந்தவர்களின் உறவினர் நகரெங்கும் உள்ளனர். இவர்களுக்கிடையே ஓர் இளைஞனை எண்ணிப் பார்ப்போம். வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனமொன்றுக்குக் கணினியில் படம் வரைந்து கொடுக்கிறான். கூலி டெதர் என்னும் மெய்நிகர் நாணயமாக வருகிறது. ஒரு டெதரின் மதிப்பு ஏறத்தாழ ஒரு டொலர். அரிசிக் கடையில் டெதர் செல்லாது. ஆகவே முன்பின் அறியாத ஒருவருக்கு அதனை விற்கிறான்; அவர் இவன் கணக்கில் ரூபாவை இடுகிறார். அந்த ரூபா எங்கோ ஒரு முதியவரை ஏமாற்றிப் பறித்த பணமாக இருந்துவிட்டால், விசாரணையின் கயிறு இவன் கணக்கையும் சுற்றிக்கொள்கிறது. தாயின் மருந்துச் செலவுக்கு வைத்த பணமும் அதற்குள் அடைபட்டுப் போகிறது. ஐயம் பற்றிய அறிக்கை அனுப்பப்பட்டதை வாடிக்கையாளருக்குச் சொல்வதே குற்றம் என்று சட்டம் கூறுவதால், வங்கி எழுத்தர் காரணம் சொல்லாமல் கையை விரிக்கிறார்.

அப்படியானால் இத்தகைய சட்டமே வேண்டாமா? வேண்டும் என்பதே நம் விடை. ஏமாற்றப்பட்ட அந்த முதியவரும் ஏழையே. கடல்வழியே வந்திறங்கும் நஞ்சுப்பொருள் முதலில் அழிப்பது உழைப்பாளியின் பிள்ளையை. அரசின் கண் படாத நாணயமே மனித விடுதலை என்று முழங்குவோரின் கட்சியில் நாம் இல்லை. கிரிப்டோ என்ற பெயரைச் சொல்லிப் பிரமிட் திட்டங்களை நடத்தி, ஆசிரியரும் மீனவரும் சேர்த்த சிறு பணத்தை விழுங்கியோரை இந்நாடு கண்டிருக்கிறது. காவலே இல்லாத சந்தையில் சுதந்திரம் வலியவனுக்கே உரியது.

எனினும் காவல் யாரைப் பிடிக்கிறது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. தமிழ் மாணவர் எவரும் அறிந்த கதையொன்று இதற்கு விடை காட்டும். அயலூரிலிருந்து வந்த கோவலன் மதுரை வீதியில் ஒரு சிலம்பை விற்க முயன்றான். விலையுயர்ந்த பொருள், விற்பவனோ ஊருக்குப் புதியவன், உரிமையைக் காட்டச் சான்றில்லை. இன்றைய மொழியிற் கூறினால், செல்வத்தின் மூலத்தை அவனால் மெய்ப்பிக்க இயலவில்லை. அவன்மீது பழி சுமத்தியவன் அரசியின் சிலம்பை உண்மையிலேயே திருடிய பொற்கொல்லன், அரண்மனைக்குப் பழக்கமானவன். பாண்டியனின் பிழை, களவைத் தண்டிக்கும் சட்டம் வைத்திருந்தது அல்ல. அயலான் என்பதால் ஐயுற்றான். பழகியவன் என்பதால் நம்பினான். இரண்டையும் ஆராயாமல் ஆணையிட்டான்.

இன்றைய அரண்மனைகளுக்குள்ளும் சற்று எட்டிப் பார்ப்போம். மெக்சிகோவின் போதைக் கும்பல்களுடைய பணம் தன் வழியே ஓடுவதைத் தடுக்கத் தவறிய எச்.எஸ்.பி.சி. வங்கி, 2012இல் அமெரிக்காவுக்கு 1.9 பில்லியன் டொலர் கட்டி வழக்கிலிருந்து மீண்டது. அதிகாரி எவரும் சிறை செல்லவில்லை. மெய்நிகர் நாணயச் சந்தைகளுள் மிகப் பெரியதான பைனான்ஸ், 2023 நவம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4.3 பில்லியன் டொலர் செலுத்த இசைந்தது. அதன் தாபகர் நான்கு மாதம் சிறையிருந்தார். 2025 ஒக்டோபரில் அமெரிக்க ஜனாதிபதியின் மன்னிப்பையும் பெற்றார். நம் நாட்டிலோ, 2015 பெப்ரவரி 27இல் மத்திய வங்கியிலேயே நடந்த பிணைமுறி விற்பனையை ஆராய ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று அமைக்க வேண்டியதாயிற்று. 2009ஆம் ஆண்டில் உலகில் தூயதாக்கப்பட்ட பணம் 1.6 ட்ரில்லியன் டொலர் அளவினது என்றும், கைப்பற்றப்படுவது நூற்றில் ஒரு பங்கும் இல்லை என்றும் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் 2011இல் மதிப்பிட்டது. வலையின் கண்கள் நெத்தலிக்கு அளவாகப் பின்னப்பட்டிருக்கின்றன. சுறா வலையைக் கிழித்துக்கொண்டு போகிறது.

உண்டியல் முறையின் அண்மைக் கதையும் இதையே சொல்லும். தோஹாவில் உழைப்பவர் அங்குள்ள முகவரிடம் றியாலைக் கொடுப்பார். கிண்ணியாவில் முகவரின் ஆள் ரூபாவை வீட்டில் கொடுப்பார். 2021இன் பிற்பகுதியில் அரசு டொலரின் விலையை ஏறத்தாழ 200 ரூபாவில் கட்டி வைத்தது. உண்டியலில் அதைவிடக் கூடுதலாகக் கிடைத்தது. 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த தொழிலாளர் பணவனுப்பல், 2021இல் 5.5 பில்லியனாகவும் 2022இல் 3.8 பில்லியனாகவும் வீழ்ந்தது. உண்டியலில் அனுப்பியவர்கள்மீது நாட்டுப்பற்றில்லாதவர் என்ற பழி விழுந்தது. வெளிநாட்டில் தங்கிய அந்த டொலரை வாங்கி, தம் செல்வத்தை அங்கேயே பதுக்கியவர் யார் என்ற கேள்வி அவ்வளவு உரக்க எழவில்லை. 2022 மார்ச்சில் கட்டிய விலை அவிழ்ந்தது. பின்னர் வங்கிமீது நம்பிக்கையும் மெல்லத் திரும்பியது. 2023இல் பணவனுப்பல் 6 பில்லியனை அண்மித்தது. எச்சரிக்கையால் வராத பணம் நியாயமான விலைக்கு வந்தது.

இவற்றிலிருந்து நாம் பெறும் நெறி ஒன்று. கணக்குக் காட்டும் கடமை அதிகாரத்தின் அளவுக்கு ஏற்ப ஏற வேண்டும். ஆட்சியும் பெருமுதலும் கைக்கொண்டவனுக்கு மறைவு என்பது சலுகை; அதனைச் சமுதாயம் பறிக்கலாம். அவை இல்லாதவனுக்கு அந்தரங்கம் என்பது தற்காப்பு. கிழக்கில் வாழும் நாம் இதனை நன்கு அறிவோம். 2014இல் பல புலம்பெயர் அமைப்புகள் பயங்கரவாத நிதித் தடைப் பட்டியலில் இடப்பட்டன. 2015இல் சில நீக்கப்பட்டன. 2021இல் மீண்டும் சேர்க்கப்பட்டன. 2022இல் மீண்டும் நீக்கப்பட்டன. ஆட்சியாளரின் மனம் மாறுந்தோறும் குற்றவாளியின் பெயரும் மாறுமாயின், 'குற்றமில்லாதவனுக்கு அச்சம் ஏன்?' என்று கேட்பதில் பொருளில்லை.

ஆதலின் நாம் கோருவன பெரியன அல்ல. கணக்கை முடக்கும் ஆணை ஏழு நாளுக்கு மேல் நீடிக்க மேல் நீதிமன்றத்தின் இசைவு வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. அந்த எல்லை ஏட்டோடு நின்றுவிடாமல் சிறியவனின் கணக்குக்கும் பொருந்துதல் வேண்டும். விசாரணைக்கு ஊறு நேராத கட்டம் வந்தவுடன் காரணத்தை அவன் மொழியில், எழுத்தில் தர வேண்டும். முறையிடும் இடம் திருகோணமலையிலேயே இருக்க வேண்டும். வாழ்க்கைச் செலவுக்கான தொகையை முடக்கத்திலிருந்து விலக்க வேண்டும். தவறாக முடக்கினால் இழப்பீடு தர வேண்டும். இவ்விதிகளால் எளியோர் வங்கிக்கு வெளியே தள்ளப்படுகின்றனர் என்பதைச் செயலணியே 2021இல் ஆராய்ந்து ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டதைச் செயலிற் காட்டும்படி வற்புறுத்துவது மக்களின் வேலை.

இவ்வேலையில் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பங்குண்டு. அறியாதவர் தரும் பணத்தைக் கணக்கில் ஏற்பதன் ஆபத்தை வகுப்பில் விளக்குவோம். பிரமிட் திட்டங்களின் பொய்யை எண் கணிதத்தாலேயே உடைத்துக் காட்டுவோம். கணக்கு முடங்கி வாசலில் நிற்கும் பெற்றோருக்கு ஒரு முறையீட்டுக் கடிதம் எழுதிக் கொடுப்போம். அதிகாரம் எளியவனிடம் ஒரு கேள்வி கேட்குமாயின், அதே கேள்வியை அரண்மனையின் உள்ளறையிலும் கேட்டாயா என்று கூடிநின்று வினவுவோம்.