கண் கேட்டவருக்குக் கோல்

அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு எங்கள் வீட்டில் வாரத்துக்கு மூன்றே நாட்கள்தான். செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். நான் ஒரு எக்செல் ஷீட் திறந்தேன்: கிரியாட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின், எடை. அம்மா அவரை உள்ளே அனுப்பிவிட்டு, திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலுக்குப் போய்விடுவாள்.

ஒருநாள் கூடவே போனேன். உருகி உருகி வேண்டுவாள் என்று நினைத்திருந்தேன். அம்மா சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "உனக்குக் கண்ணு இல்லையா? அந்த மனுசன் யாருக்கு என்ன கெடுதல் பண்ணாரு?" பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு பிரகாரத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வாடா, அப்பாவுக்கு இட்லி வாங்கணும்."

எனக்குப் புரியவே இல்லை. நம்பிக்கை என்றால் 'எல்லாம் நல்லபடியாக நடக்கும்' என்ற கணிப்பு என்றுதான் நினைத்திருந்தேன். என் ஷீட்டில் ஒவ்வொரு மாதமும் அந்தக் கணிப்பு தோற்றுக்கொண்டிருந்தது. அம்மாவுக்கும் அது தெரியும். ஒரு டயாலிசிஸ்கூட அவள் தவறவிட்டதில்லை, டாக்டர் சொன்ன எதையும் மறுத்ததில்லை. ஆனாலும் மறுபடி கோயிலுக்குப் போனாள்.

சுந்தரர் கதை அதே ஊரில்தான் நடக்கிறது. கோயிலில் மகிழ மரத்தடியில், 'உன்னைப் பிரியேன்' என்று சங்கிலியாருக்குச் சத்தியம் செய்கிறார். பிறகு திருவாரூர் நினைவு வந்து ஊர் எல்லையைத் தாண்டுகிறார். இரண்டு கண்ணும் போய்விடுகிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் இதை விரிவாகச் சொல்கிறார். தடுமாறியபடி திருவெண்பாக்கம் வந்த சுந்தரர், கோயிலுக்குள் இருக்கிறாயா என்று கேட்கிறார். இருக்கிறோம், நீ போ என்கிற மாதிரி பதில் வருகிறது. கண் கேட்டவருக்குக் கிடைத்தது ஓர் ஊன்றுகோல். இடக்கண் காஞ்சிபுரத்தில்தான் வருகிறது, வலக்கண் திருவாரூரில்.

சின்ன வயதில் இதில் கண் திரும்பி வந்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. இப்போது அந்தக் கோல்தான் முக்கியமாகப் படுகிறது. பார்வை இல்லாமல், கோலை ஊன்றிக்கொண்டு, வழியெல்லாம் சண்டை போட்டபடி ஒரு மனிதர் நடக்கிறார். தம்பிரான் தோழர் என்று அவருக்குப் பெயர். தோழன் என்பதால்தானே திட்ட முடிகிறது? அந்தத் திட்டு இருக்கும்வரை உறவு அறுந்துபோகவில்லை. அம்மாவிடம் இருந்ததும் அந்தக் கோல்தான்.

இரண்டாம் வருடம் அப்பா போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து ஆபீஸ் போன முதல் வாரம், கோடில் ஒரு சின்னத் தவறுக்காக ஜூனியர் பையன் ஒருவனிடம் எல்லார் முன்னாலும் கத்தினேன். அவன் கை நடுங்கியது. கோபம் அம்மாவுக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. அவள் கோபத்துக்குப் போய்ச்சேர ஓர் இடம் இருந்தது. என்னுடையது வழியில் அகப்பட்டவன் மேல் விழுந்தது.

அப்படியென்றால் நானும் சாமி கும்பிடலாமே என்று நண்பர்கள் சொல்வார்கள். மன உறுதிக்கு நல்லதாம். எனக்கு அங்கேதான் இடிக்கிறது. அம்மா மன உறுதி கேட்டுக் கோயிலுக்குப் போகவில்லை. அப்பாவைக் கேட்டுப் போனாள். உறுதி அவளுக்குத் தெரியாமலே கூட வந்தது. அதற்காக மட்டும் நான் போய் நின்றால், எதிரே சண்டை போட யாரும் இருக்க மாட்டார்கள்.

எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போதெல்லாம் கோபம் வந்தால், இது யார் மேல் உள்ள கோபம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். பாதி நாள் பதில் இருப்பதில்லை.

வருஷத் திவசம் முடிந்த பிறகுதான் அம்மா மறுபடி கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்ததும், "இப்பவும் திட்டினியாம்மா?" என்று கேட்டேன்.

"பின்ன? ஒரு வருஷ பாக்கி இருக்குல்ல."