நஷ்டத்துக்கு ஈடு உண்டா?

கொள்ளிடக் கரையில் உள்ள எங்கள் ஊரில் ஒரு பழைய கர்ணம் இருந்தார். பழைய கர்ணம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. எனக்கு விவரம் தெரிந்த காலத்திலேயே அவருக்கு வேலை போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் தினமும் காலை எட்டு மணிக்குக் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திண்ணைக்கு வந்துவிடுவார். எதிரே ஒரு சாய்வு மேஜை. மேஜையின் மேல் ஒன்றும் இருக்காது.

யாராவது வந்து, "தாத்தா, எங்க கொல்லை எத்தனாம் சர்வே நம்பர்?" என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நம்பர் மட்டுமல்ல, நாலு பக்கத்து எல்லை, யார் யாரிடமிருந்து வாங்கியது, எந்த வருஷத்து வெள்ளத்தில் எவ்வளவு கரைந்தது என்பதெல்லாம் வரும். கேட்டவர் போன பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். அது அரை மணி நேரம் நீடிக்கும்.

நான் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது ஒரு நாள், "ஏன் தாத்தா வேலையை விட்டீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நான் விடலைடா. ரேடியோவிலே சொன்னான். மறுநாள் தாலுகாவிலேருந்து வந்து கணக்கையெல்லாம் கட்டி எடுத்துண்டு போயிட்டான். 1390-ஆம் பசலி அடங்கல் பாதியிலே நிக்கறது. இன்னும் என் கையாலே முடிக்கலை" என்றார். பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னார்: "ஏதோ பணம் தரேன்னா. தரட்டும். ஆனா எதுக்குத் தரான்னு சொல்லணுமோன்னோ?"

அந்தக் கேள்வி அன்று எனக்குப் புரியவில்லை. இப்போது நாற்பதைத் தாண்டிய பிறகு புரிவதுபோல் இருக்கிறது. எதற்காகக் கொடுக்கிறார்கள்? ஆட்சியின் போக்கு மாறும்போது, பழைய உத்தியோகஸ்தனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கையில் ஒரு தொகையை வைக்கிறார்களே, அது கூலியா, கருணையா, அல்லது வாயை மூடுவதற்கா?

முதலில், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1980 நவம்பரில் தமிழ்நாட்டு அரசாங்கம் ஓர் அவசரச் சட்டத்தால் பகுதி நேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒரே நாளில் ஒழித்தது. மணியக்காரர், கர்ணம் என்று ஏறத்தாழ 23,000 பதவிகள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1982-இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. அதற்குப் பதிலாக முழு நேரக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார்.

இதில் அநியாயம் என்ன இருக்கிறது? பார்க்கப் போனால், ஒன்றும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கர்ணம் வேலை தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்துகொண்டிருந்தது. 1895-ஆம் வருஷத்து மதராஸ் சட்டம் ஒன்று அதற்குக் காவல். குடியரசில் பதவிக்குப் பரம்பரைப் பாத்தியதை கூடாது என்று 1960-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1968-இல் அந்தச் சட்டமே ரத்தாயிற்று. ஆனால் சட்டம் போன பிறகும் திண்ணை அதே திண்ணையாகத்தான் இருந்தது.

அந்தத் திண்ணையைப் பற்றி வேறொருவரும் என்னிடம் பேசியிருக்கிறார். ஊருக்குக் கிழக்கே குடியிருப்பில் இருந்த ஒரு கிழவர். எங்கள் வயலில் நாற்றுப் பறித்தவர். கர்ணத்தின் வேலை போன கதையை நான் அனுதாபத்தோடு சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்: "அவருக்குப் போன வேலைக்கு ஈடு கேக்குறாரு, தம்பி. நல்லாக் கேக்கட்டும். ஒரு பட்டா நகலுக்கு நானு மூணு நாளு அந்தத் தெருமுனையிலே வெயில்லே நின்னேன். திண்ணைகிட்டப் போக முடியாது. அந்த மூணு நாளுக்கு யாரு ஈடு குடுப்பா?"

எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் முழுமையான பதில் என்னிடம் இல்லை. கர்ணம் நல்லவர். லஞ்சம் வாங்காதவர் என்று ஊரே சொல்லும். ஆனால் அவர் நல்லவராக இருந்ததால் அந்தக் கிழவருக்கு வெயில் குறைந்துவிடவில்லை. கெட்டது ஏற்பாடு, அதில் உட்கார்ந்திருந்தவர் மனிதர். ஏற்பாட்டைச் சாய்க்கும்போது மனிதரும் சேர்ந்து சாய்கிறார். இதற்கு ஈடு கொடுக்க வேண்டுமா, வேண்டாமா?

இதைவிடப் பெரிய அளவில் இந்தக் கேள்வி 1947-இல் எழுந்தது. அந்த ஏப்ரலில், ஐ.சி.எஸ். முதலிய, இந்தியா மந்திரி நியமித்த உத்தியோகஸ்தர்களுக்கு என்ன செய்வது என்று அறிவித்தார்கள். விலகிப் போகும் வெள்ளைக்காரருக்குப் பென்ஷனும் உண்டு, இடையில் உத்தியோகம் முறிந்ததற்கு நஷ்ட ஈடும் உண்டு. நஷ்ட ஈட்டை பிரிட்டிஷ் சர்க்கார் கொடுக்கும். பென்ஷன் பொறுப்பை இந்தியா ஏற்கும். இந்திய உத்தியோகஸ்தர்களுக்கோ, சில விதிவிலக்குகள் தவிர, நஷ்ட ஈடு கிடையாது. சர்தார் படேல் இதில் உறுதியாக இருந்தார். சொந்த நாட்டுக்கு ஊழியம் செய்வதில் ஒருவனுக்கு என்ன நஷ்டம் என்பது அவர் வாதம். அழகான வாதம்தான்.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது பின்னால் நடந்தது. 1949 அக்டோபரில் அரசியல் நிர்ணய சபையில், அந்தப் பழைய உத்தியோகஸ்தர்களின் சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் அரசியல் சட்டத்திலேயே உத்தரவாதம் வேண்டுமா என்று விவாதம் வந்தது. எதிர்த்தவர்களின் ஆத்திரம் இயற்கையானது. நேற்றுவரை காங்கிரஸ்காரர்களைச் சிறையில் போட்ட கையெழுத்துகள் அல்லவா அவை! படேலே அந்தச் சிறைகளில் இருந்தவர்தான். அவரே எழுந்து நின்று, கொடுத்த வாக்கைக் காப்பாற்றியாக வேண்டும் என்று வாதாடினார். அது 314-ஆவது விதியாயிற்று. வெள்ளைக்காரர்களின் பென்ஷனுக்கும், பிரிட்டன் நமக்குத் தர வேண்டியிருந்த ஸ்டெர்லிங் பாக்கியிலிருந்து 1948-இல் ஏற்பாடு செய்தார்கள்.

அந்த உத்தரவாதமும் நிலைக்கவில்லை. 1972-இல் 28-ஆவது திருத்தம் அந்த விதியை நீக்கிவிட்டது. மன்னர்களின் மானியம் போன அடுத்த வருஷம் அது. இரண்டையும் எடுத்தவர்கள் சமத்துவத்தின் பெயரால் எடுத்தார்கள். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சமத்துவம் வருகிறபோது வாக்கு போக வேண்டும் என்பது கட்டாயமா என்று என் மனம் கேட்கிறது. வாக்கைக் கொடுத்தது ஒரு கட்சி அல்ல, ஒரு மந்திரி அல்ல, சர்க்கார். ஆட்கள் மாறினாலும் சர்க்கார் மாறாது என்ற நம்பிக்கையில்தான், 'அரைக்காசு உத்தியோகமானாலும் அரசாங்க உத்தியோகம்' என்று நம் பெரியவர்கள் பெண் கொடுத்தார்கள்.

இனி, இந்தக் கேள்வியின் மறுபக்கத்தைப் பார்க்கக் கடலைத் தாண்ட வேண்டும். இலங்கையில் 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. யாழ்ப்பாணத்து மண்ணில் பெரிய விளைச்சல் இல்லை. அங்கே படிப்புத்தான் பயிர், உத்தியோகம்தான் அறுவடை. லிகிதராக வேலைக்குச் சேர்ந்த தமிழர், ஆங்கிலத்தில் பரீட்சை எழுதி, ஆங்கிலத்தில் கோப்பு எழுதி வந்தவர்கள், இனிச் சிங்களப் பரீட்சை தேற வேண்டும். இல்லாவிட்டால் சம்பள உயர்வு நிற்கும் என்றார்கள். முடியாதவர்கள் ஓய்வூதியத்தோடு முன்கூட்டியே விலகிக்கொள்ளவும் வழி விட்டார்கள்.

கோடீஸ்வரன் என்ற லிகிதர் விலகவும் இல்லை, பரீட்சைக்குப் போகவும் இல்லை. 1962-இல் வருடாந்தரச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அவர் வழக்குப் போட்டார். பெயர் கோடீஸ்வரன், கேட்டதோ ஒரு சின்ன சம்பள உயர்வு! 1964-இல் கொழும்பு ஜில்லா நீதிமன்றத்தில் ஜெயித்தார். 1967-இல் மேல் நீதிமன்றம், அரசாங்க ஊழியன் சம்பளத்துக்காக அரசாங்கத்தின்மேல் வழக்குத் தொடுக்கவே முடியாது என்று தள்ளிவிட்டது. 1969 டிசம்பரில் லண்டன் பிரிவி கவுன்சில், தொடுக்கலாம் என்றது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்வியைத் திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்விக்குக் கடைசி வரை விடை வரவில்லை. பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் செய்யும் வழி 1971-இல் அடைபட்டது. 1972-இல் அரசியல் சட்டமே மாறிவிட்டது.

இந்த லிகிதரையும் எங்கள் ஊர்க் கர்ணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு வித்தியாசம் தெரிந்தது. கர்ணத்தின் விஷயத்தில் போனது பதவி. அந்தப் பதவி யாருக்குமே இல்லாமல் போயிற்று. லிகிதரின் விஷயத்தில் பதவி அங்கேயே இருந்தது. நாற்காலி, மேஜை, மைக்கூடு எல்லாம் இருந்தன. போக வேண்டியவர் அவர். பதவி போவது வேறு, ஆள் போவது வேறு. பதவி போகும்போது ஒருவன் மனம் நோகலாம். அவன் பிறப்பு அவமானப்படுவதில்லை. ஆளைப் போகச் சொல்லும்போது, நீ நீயாக இருப்பதே குற்றம் என்று சொல்வதாகிறது. அதற்கு எந்தக் கஜானாவிலும் ஈடு இல்லை. அப்படிக் கொடுக்கிற பணம் நஷ்ட ஈடு அல்ல, வழிச்செலவு.

அதற்காக, அதை வாங்கிக்கொண்டு விலகியவர்களைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. வீட்டில் கலியாணத்துக்கு நிற்கும் பெண், படிக்கிற பையன், சீக்காளித் தாயார். மானத்தை எல்லோரும் ஒரே விலைக்கு வைத்துக்கொண்டிருக்க முடியாது. நின்று போராடியவர் பெரியவர். குனிந்து கையெழுத்துப் போட்டவர் சிறியவரல்லர். சிறுமை, அந்தக் கையெழுத்தைக் கேட்ட இடத்தில் இருக்கிறது.

ஆனால் நியாயமான மாறுதலில்கூட ஈடு கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று நான் நினைக்கிறேன். எதற்கு என்று கர்ணம் கேட்டாரே, அதற்கு என் பதில் இது: உன் பதவி தவறானது, ஆனால் நீ செய்த வேலை பொய்யல்ல என்று சொல்வதற்காக. இதைச் சொல்லாமல் பணம் மட்டும் கொடுத்தால் அது பிச்சை. சொல்லிவிட்டுப் பணம் கொடுக்காவிட்டால் அது வெறும் வாய் உபசாரம். 1982 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பென்ஷன் என்பது சர்க்கார் மனமிரங்கிப் போடுவதல்ல, செய்த ஊழியத்துக்கு உரிய பாத்தியதை என்று தீர்ப்புச் சொன்னது. அதே வருஷத்தில் வழக்கில் தோற்ற கர்ணங்கள் பகுதி நேரக்காரர்கள். அவர்களுக்கு அந்தப் பென்ஷனும் இல்லை. பின்னாளில்தான் முன்னாள் கிராம அலுவலர்களுக்கென்று தனியாக ஒரு சிறு மாதத் தொகை வந்தது.

அப்படியானால் வெயிலில் நின்ற கிழவர்? அவருக்கு யார் ஈடு கொடுத்தார்கள்? யாரும் கொடுக்கவில்லை. நஷ்ட ஈடு என்பதே ரிஜிஸ்தரில் பெயர் உள்ளவனுக்குக் கிடைப்பது. அவருடைய மூன்று நாள் எந்த ரிஜிஸ்தரிலும் ஏறவில்லை. ஒன்றுதான் சொல்லலாம். கர்ணத்துக்குச் சேர வேண்டியதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அந்தக் கிழவரின் கடன் தீராது. இரண்டும் இரண்டு கடன்கள். ஒன்றைக் காட்டி மற்றொன்றை அடிப்பது கெட்டிக்காரக் கடன்காரன் செய்கிற வேலை. இப்போது எங்கள் ஊர்க் கிராம நிர்வாக அலுவலர் ஒரு பெண். அவர் ஆபீசில் கிழவரின் பேத்தி நாற்காலியில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கி வருகிறாள். அவருடைய கடனில் ஒரு தவணை அது. மீதி நிற்கிறது.

கர்ணம் இறந்த பிறகு அவர் வீட்டுச் சாமான்களை ஒழித்தபோது நானும் கூட இருந்தேன். மேஜையின் இழுப்பறையில் ஒரு சின்ன நோட்டு. அந்த மாதத் தொகை வந்த ஒவ்வொரு தடவையும் தேதி போட்டு வரவு எழுதியிருந்தார். கையெழுத்து கடைசிப் பக்கம் வரை சாயவில்லை. விவரம் என்ற பத்தியில் பென்ஷன் என்றோ, உதவி என்றோ எழுதவில்லை. ஒவ்வொரு வரியிலும் 'பழைய பாக்கி' என்றே எழுதியிருந்தார்.