தங்கிச் செல்வோன் கடன்

வீடு கட்டிக் குடியிருப்பவனுக்கு அந்த மண்ணின்மீது கடமைகள் உண்டென்பதை எவரும் மறுப்பதில்லை. அண்டை வீட்டாரின் உரிமை, தெருவின் உரிமை, வாய்க்காலின் உரிமை என்று நம் ஃபிக்ஹு நூல்கள் அவனுக்காக விரிவாகச் சட்டம் வகுத்துள்ளன. ஆனால், ஓரிரவு மட்டும் தங்கி, விடிந்ததும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடுபவனின் நிலை என்ன? அவனுக்கு அண்டை வீடு இல்லை. அவன் செய்வதைப் பார்ப்பார் இல்லை. அவ்விடத்திற்கு மறுபடி வருவோம் என்ற எண்ணமும் பெரும்பாலும் அவனுக்கு இல்லை. அவன் விட்டுச்செல்லும் அழுக்கோ எந்தக் கருவியாலும் அளந்து காட்ட இயலாத அத்துணைச் சிறிது. இத்தகையவன் கடன்பட்டவன்தானா, ஆம் எனில் யாருக்கு என்பதே இங்கு நாம் எண்ணிப் பார்க்க விரும்புவது.

வெறுமனே எண்ணுவதைவிட ஓர் இடத்தை முன்வைத்து எண்ணுவது நலம். காஷ்மீரத்தில் ஹர்முக் என்றொரு சிகரம் உண்டு. உயரம் 5,142 மீட்டர். அதன் அடிவாரத்தில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,570 மீட்டர் உயரத்தில், கங்காபல் என்னும் ஏரி கிடக்கிறது. நீளம் சுமார் இரண்டரை கிலோமீட்டர். அகலம் ஒரு கிலோமீட்டர். பனியும் பனிப்பாறையும் உருகி வரும் நீர் அது. நெடிய மரங்கள் அவ்வுயரத்திற்குக் கீழேயே நின்றுவிடுகின்றன. மேலே புல்லும் பாறையும், தரையோடு தரையாகப் படரும் ஜூனிப்பர் புதர்களுந்தாம். காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. நீர் 88 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால், சோறு வேக நெடுநேரம் ஆகும். அடுப்பு அதிகம் எரிய வேண்டும். இச்சிறு விவரத்திற்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

அவ்வேரிக் கரையில் தங்குவோர் மூவகையினர். முதலாமவர் பக்கர்வால், குஜ்ஜர் என்னும் இடையர்கள்; நம் மார்க்கச் சகோதரர்கள். குளிர்காலத்தை ஜம்முவின் தாழ்நிலங்களில் கழித்துவிட்டு, கோடை பிறந்ததும் ஆடுகள், குதிரைகள், குழந்தை குட்டிகளுடன் கணவாய்களைக் கடந்து மேலேறி வருபவர்கள். புல்வெளிகள் பலவற்றில் மரமும் மண்ணும் கொண்டு அவர்கள் எழுப்பிய குடில்கள் உள்ளன. இரண்டாமவர் காஷ்மீரப் பண்டிதர்கள். தம் இறந்தோரின் அஸ்தியைக் கரைத்துவந்த புனித நீராக அவர்கள் கங்காபலைப் போற்றுகின்றனர். நெடுங்காலம் நின்றுபோயிருந்த யாத்திரை 2009-ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கியது. மூன்றாமவர் மலையேற்றப் பயணிகள். சோனமர்க் அருகே புறப்பட்டு விஷன்ஸர், கிஷன்ஸர், கட்ஸர், சத்ஸர் என்று ஏரி ஏரியாகக் கடந்து, கங்காபலையும் அதற்குச் சற்றுக் கீழேயுள்ள நுந்த்கோலையும் கண்டு, நாராநாக் என்னும் ஊரில் இறங்குவோர். ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை அவர்களுடைய வண்ணக் கூடாரங்கள் இக்கரைகளில் வரிசையாக நிற்கும்.

முதலாமவரைக் கொண்டுவருவது பிழைப்பு, இரண்டாமவரை நம்பிக்கை. மூன்றாமவரைக் கொண்டுவருவது அழகு. அழகை நாடி வருவதில் குற்றமில்லை. பூமியில் சுற்றிப் பார்க்கும்படி மனிதரை அழைக்கும் வேதம் நம்முடையது. எனினும், தேவையால் தங்குபவனைவிட விருப்பத்தால் தங்குபவனிடம் கணக்கு நுணுக்கமாகக் கேட்கப்படும் என்றே யாம் கருதுகிறோம்.

பயணத்தில் இரவு இறங்கித் தங்குவதற்கும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒழுங்கு கற்பித்திருக்கிறார்கள். பாதையை விட்டு விலகித் தங்குமாறு அவர்கள் பணித்ததை இமாம் முஸ்லிம் (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். காரணமும் உடன் கூறப்பட்டுள்ளது: அப்பாதை விலங்குகள் செல்லும் வழி, இரவில் ஊர்வன வந்தடையும் இடம். இதைப் பயணியின் பாதுகாப்புக்கான அறிவுரையாகவே பலரும் வாசிப்பர், அது சரியே. ஆயினும் அதில் மற்றொன்றும் பொதிந்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. மனிதன் வெறுமை என்று எண்ணும் வெளியிலும் ஏற்கெனவே உரிமை பெற்றோர் நடமாடுகிறார்கள். வந்து இறங்குபவன் அவர்களுக்கு வழிவிட வேண்டியவன். கங்காபலில் நீர்முனை வரை சென்று கூடாரமடிப்பவன், மாலையில் தண்ணீருக்கு இறங்கும் மந்தையின் வழியை மறித்துவிட்டே தூங்குகிறான்.

இனி நீருக்கு வருவோம். நம் வினாவின் கடினமான பகுதி இங்கேதான் இருக்கிறது.

ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் வீடுகளில் இரண்டு ‘குல்லா’ என்னும் அளவைச் சிறுவரும் அறிவர். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 200 லிட்டர். அந்த அளவையெட்டிய நீரில் அசுத்தம் விழுந்தால், நிறமோ மணமோ சுவையோ மாறாத வரை நீர் சுத்தமானதே. ஹனஃபி மத்ஹபினர் பத்துக்குப் பத்து முழம் என்று பரப்பைக் கொண்டு கணக்கிடுவது வழக்கம். எந்தக் கணக்கைக் கொண்டாலும் கங்காபல் ஒரு கடல். ஒரு பயணி அதில் சோப்புப் போட்டுக் குளித்தாலும், எச்சில் பாத்திரத்தைக் கழுவினாலும், அதைவிட இழிந்ததைச் செய்தாலும் அந்நீரில் உளூச் செய்வதற்குத் தடை எதுவும் நேர்ந்துவிடாது.

அப்படியானால் அவன் செய்தது குற்றமில்லை என்று ஆகிவிடுமா? ஆகாது என்பதற்கு மார்க்கமே சான்று. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். நீர்த்துறை, மக்கள் நடக்கும் வழி, நிழல் ஆகிய மூன்று இடங்களில் மலம் கழிப்பது சாபத்திற்குரிய செயல் என்று எச்சரித்திருக்கிறார்கள். நீர் மிகுதியாக இருப்பினும் அதில் சிறுநீர் கழிப்பது வெறுக்கத்தக்கதே என்று சட்ட அறிஞர்கள் எழுதியுள்ளனர். ஆக, நீர் கெட்டதா என்பது ஒரு கேள்வி. செயல் கெட்டதா என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு ‘இல்லை’ என்று விடை வந்த பின்னரும் இரண்டாவதற்கு ‘ஆம்’ என்ற விடை அப்படியே நிற்கிறது. நம் பள்ளிவாசல் ஹவுளில் இந்த வேறுபாட்டை நாள்தோறும் காண்கிறோம். ஒரு சிறுவன் ஹவுளில் துப்பினால் நீர் அசுத்தமாகிவிடாது என்பது பெரியவருக்கும் தெரியும். ஆயினும் அவர் அவனை அதட்டாமல் விடுவதில்லை.

ஏன் அதட்டுகிறார்? ‘எல்லோரும் இப்படியே துப்பினால் என்னாகும்?’ என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது நல்ல காரணந்தான். ஆயினும் முழுமையான காரணமன்று. ஆளில்லா மலையேரிக்கு அதைக் கொண்டு சென்று பாருங்கள். ‘எல்லோரும் வரவில்லையே, நான் ஒருவன்தானே வந்திருக்கிறேன்’ என்று பயணி எளிதில் விடை கூறிவிடுவான். மற்றவர்கள் ஒழுங்காக இருக்கிறார்கள் என்பதே அவனுக்கு அனுமதிச் சீட்டாகிவிடும். பிறருடைய நேர்மை ஒருவனுடைய முறைகேட்டுக்கு இடம் தருமானால், அந்தக் காரணத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

வணிகக் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு விளங்கக்கூடிய ஓர் எடுத்துக்காட்டைச் சொல்வோம். நால்வர் கூட்டாக நடத்தும் கடை. நாள் விற்றுமுதல் ஒரு லட்சம். பங்காளிகளில் ஒருவர் கல்லாவிலிருந்து எவருக்கும் சொல்லாமல் பத்து ரூபாயை எடுத்துக்கொள்கிறார். கடைக்கு நட்டமில்லை, கணக்கில் அது தெரியவும் போவதில்லை. மற்ற மூவரும் எடுக்கப்போவதும் இல்லை. எனினும் அது மோசடி என்பதில் நமக்கு ஐயமுண்டா? ‘நால்வரும் எடுத்தால் கடை என்னாகும்’ என்று கணக்குப் போட்டுப் பார்த்தா அதை மோசடி என்கிறோம்? பொதுவானதைத் தனக்குரியதுபோல் ஒரு கணம் நடத்தினாரே, அதுவே போதுமானதாக இருக்கிறது. இரு பங்காளிகளில் ஒருவர் மற்றவரை ஏமாற்றாத வரை அவர்களோடு தான் மூன்றாமவனாக இருப்பதாக அல்லாஹ் கூறுவதாய் ஒரு ஹதீஸ் குத்ஸி உண்டு. அதில் தொகை எவ்வளவு என்ற பேச்சே இல்லை.

இந்தக் கூட்டு வணிக உவமையை நாம் வலிந்து கொணரவில்லை. மக்கள் மூன்றில் பங்காளிகள் என்பதே நாயகம் (ஸல்) அவர்கள் கையாண்ட சொல்: நீர், புல், நெருப்பு. இம்மூன்றையும் ஒருசேரக் காண வேண்டுமானால் மலையேரிக் கரையைப் போல் வேறோர் இடம் இராது. பங்காளி என்றால் அவனுக்கு அனுபவிக்கும் உரிமை உண்டு. குடிக்கலாம், சமைக்கலாம், உளூச் செய்யலாம், குதிரைக்குக் காட்டலாம். தாகத்தின் உரிமை என்று சட்ட நூல்கள் தனியே பேசும் அளவுக்கு அது வலியது. மனிதனோடு விலங்குக்கும் அது உண்டு. முதலைக் கரைக்கும் உரிமை மட்டுமே பங்காளிக்கு இல்லை.

மற்றப் பங்காளிகள் யார்? கங்காபலின் நீர் நுந்த்கோலில் இறங்கி, வாங்கத் ஓடையாகி, ஸிந்து என்னும் சிற்றாற்றில் கலக்கிறது. பெருநதியான சிந்து வேறு, இது வேறு. அந்தச் சிற்றாற்றின் நீரில் ஒரு பகுதி ரங்கீல் சுத்திகரிப்பு நிலையம் வழியாக ஸ்ரீநகரின் வீடுகளுக்குச் செல்கிறது. மிச்சம் ஜீலத்தில் சேர்ந்து, உலர் ஏரியைக் கடந்து, எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானில் வயல்களுக்குப் பாய்ந்து, செனாபோடும் சிந்துவோடும் கூடி அரபிக் கடலை அடைகிறது. கூடாரத்தில் இருப்பவன் தன்னைத் தனியன் என்று நினைத்துக்கொள்கிறான். அவன் கைவைப்பதோ இரு நாடுகள் பங்கிட்டுக்கொள்ளும் நீரின் தலைமுனையில்.

இங்கே ஒரு தடை எழும். நூற்றுக்கணக்கான ஆடுகள் அதே கரையில் சாணமிடும்போது, ஒரு மனிதனின் சோப்பு எம்மாத்திரம் என்பார்கள். நியாயமான தடையே. பெருமந்தைகள் ஒரே இடத்தில் நெடுநாள் நின்றால் புல்லும் நீரும் கெடவே செய்யும். இடையர்கள் என்பதற்காக அதை இல்லையென்று சொல்வது நேர்மையாகாது. ஆனால் ஆட்டுக்கு விசாரணை இல்லை. அதற்கு இருப்பது தாகத்தின் உரிமை. ஆட்டுக்காரனுக்கு விசாரணை உண்டு. அவனுக்குப் பிழைப்பு என்னும் நெருக்கடியும் உண்டு. அழகைக் காண வந்தவனுக்கு எந்த நெருக்கடி? இருநூறு அடி தள்ளிச் சென்று குளிப்பதில் அவனுக்கு நேரும் இழப்பு சில நிமிடங்களே.

இருநூறு அடி என்பது மலையேற்றம் பயில்வோர் இன்று கடைப்பிடிக்கும் அளவு; பெரியவர் நடையில் எழுபது எட்டு. நீரைப் பாத்திரத்தில் முகந்துகொண்டு அவ்வளவு தூரம் விலகிச் சென்று கழுவி, கழுவிய நீரை மண்ணில் ஊற்ற வேண்டும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சோப்பைச் சிதைக்கும். குளிர்ந்த, சத்துக் குறைந்த ஏரி நீரில் அந்த வேலை மிக மெதுவாகவே நடக்கும். எளிதில் மக்கும் என்று விற்கப்படும் சோப்புக்கும் இதுவே நிலை. மலம் கழிப்பதற்கும் அதே தொலைவு. அரை அடி ஆழத்திற்குக் குறையாத குழி. நீர்த்துறை, வழி, நிழல் ஆகிய மூன்றையும் விலக்கச் சொன்ன ஏவலுக்கு இதைவிடப் பொருத்தமான உரை எழுத முடியுமா என்று தெரியவில்லை.

சுத்தத்தை விரும்பும் நம்மவர்களுக்கு ஒரு தயக்கம் இருக்கலாம்: ஏரியில் இறங்காமல் குளிப்பும் உளூவும் எப்படி நிறைவேறும்? நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில், அதாவது ஏறக்குறைய முக்கால் லிட்டருக்கும் குறைவான நீரில், உளூவை முடித்திருக்கிறார்கள். காலுறை மீது மஸஹு செய்யப் பயணிக்கு மூன்று பகலும் மூன்று இரவும் தவணை உண்டு. ஹிஜ்ரி 8-ல் தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது, கடுங்குளிர் இரவொன்றில் குளிப்புக் கடமையான அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், உயிருக்கு அஞ்சித் தயம்மும் செய்து தம் தோழர்களுக்குத் தொழுகை நடத்தினார்கள். செய்தியைக் கேட்ட நாயகம் (ஸல்) புன்னகைத்தார்கள், கண்டிக்கவில்லை. உறைநீரில் நடுங்கியபடி சோப்பு நுரையோடு நிற்பதை மார்க்கம் எவரிடமும் கேட்கவில்லை.

நெருப்பைப் பற்றி முன்னர் விட்ட விவரம் ஒன்று இருக்கிறது. நெருப்பில் பங்கு என்பதற்கு விறகில் பங்கு என்று பொருள் கொண்ட அறிஞரும் உளர். மரமில்லா உயரத்தில் கிடைக்கும் விறகு ஜூனிப்பர் புதர்தான். கோடை சில வாரங்களே நீடிக்கும் அந்த உயரத்தில் அது விரற்கடை விரற்கடையாக வளர்வது. நெடுநேரம் வேகும் சோற்றுக்காக ஒரு கூட்டம் ஓரிரவில் எரித்துவிடும் புதர், எரித்தவர்களில் சிலரைவிட வயதில் மூத்ததாக இருக்கக்கூடும். கீழிருந்து எண்ணெயடுப்போ வாயு அடுப்போ சுமந்து வரக்கூடியவன் அப்புதரில் கைவைப்பதற்கு நாம் எவ்வளவு தேடியும் ஒரு நியாயமும் அகப்படவில்லை. இடையனின் குடிலில் குளிரில் நடுங்கும் குழந்தைக்காக எரியும் நெருப்பின் கணக்கு வேறு.

செப்டம்பர் கழிந்ததும் பயணிகளின் கூடாரங்கள் மறைகின்றன. மந்தைகள் கணவாய்களைக் கடந்து தாழ்நிலம் நோக்கித் திரும்புகின்றன. பின்னர்ப் பனி விழுகிறது, ஏரி உறைகிறது. கரையில் கிடக்கும் ஆரஞ்சுத் தோலும், தகர டப்பாவும், எண்ணெய் படிந்த சாம்பலும் அதனடியில் பெரிதும் மாறாமல் கிடக்கும். அடுத்த கோடையில் பனி விலகியதும் அக்கரைக்கு முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் ஓர் இடையர் குடும்பமாகவே இருக்கும்; குடத்தை முக்கித் தண்ணீர் எடுக்கும் முன்னர், அந்த வீட்டுப் பெண் அவற்றைக் குனிந்து பொறுக்கி ஒதுக்க வேண்டியிருக்கும்.