சாய்ந்து கொடுத்த ஈசன்

திருவெறும்பூர் மலைக்கோயிலில் சாய்ந்த திருமேனியைக் கும்பிட்டு வளர்ந்தவன் நான். தாரகாசுரனுக்கு அஞ்சிய தேவர்கள் எறும்பு உருவில் வழிபட வந்தார்கள். திருமேனியின் எண்ணெய்ப் பசையில் எறும்புகளின் கால் வழுக்கியது. ஈசன் உடனே புற்று மண்ணாகி, அவை ஏறிவரத் தோதாகத் தலையைச் சாய்த்துக் கொடுத்தான் என்கிறது தலபுராணம். அந்தக் கருணையை நான் கண்ணாரக் கண்டது இங்கிலாந்தில், சாமர்செட் பகுதியின் காலர்டு ஹில் புல்சரிவில்!

ஜூன் மாத வெயில். ஆடுமாடு மேய்ந்த குட்டைப் புல், நடுநடுவே தைம் செடியின் ஊதாப் பூக்கள். லார்ஜ் ப்ளூ வண்ணத்துப்பூச்சி ஒன்று தாழப் பறந்து வந்து ஒரு பூங்கொத்தில் உட்கார்ந்தது. நீல இறகில் கரும்பொட்டுகள். வயிற்றை வளைத்து மொட்டுகளுக்கிடையே ஒரு முட்டை இட்டது. "நீலகண்டா!" என்று வாய்விட்டுக் கூவிவிட்டேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது. அழுதேன்.

அந்த முட்டைக்குக் காத்திருக்கும் திருவிளையாடல் அப்படி. புழு இரண்டு மூன்று வாரம் பூவைத் தின்றுவிட்டு மண்ணில் விழும். தேன்போல ஒரு சொட்டுச் சுரக்கும். உடம்பில் எறும்புக் குஞ்சின் வாசனை. மிர்மிகா சபுலெட்டி என்ற சிவப்பெறும்பு அதைத் தன் பிள்ளையென்றே நம்பிக் கவ்விக்கொண்டு புற்றுக்குள் போகும். பத்து மாதம் போல உள்ளே கிடந்து, வளர்க்கும் எறும்பின் குஞ்சுகளையே தின்று வளரும். அப்பனே, அழிப்பதும் காப்பதும் உனக்கு ஒரே தொழில்தானா!

இந்தப் பூச்சி 1979-இல் பிரிட்டனில் அடியோடு அழிந்தது. பூச்சி பிடிப்பவர்களுக்குப் பயந்து முன்பே வேலி போட்டும் பார்த்திருந்தார்கள். வேலி மேய்ச்சலையும் தடுத்தது. 1950களில் மிக்சோமடோசிஸ் நோயில் முயல்கள் மடிந்தன. புல் ஓரிரு விரற்கடை உயர்ந்தது. நிழல் விழுந்து மண் குளிர்ந்தது. சூடான மண்ணில் வாழும் அந்த எறும்பு போயிற்று. பின்னோடு பூச்சியும் போயிற்று. 1970களில் புல்லோடு புல்லாகக் கிடந்து எறும்புகளைக் கவனித்து இதைக் கண்டுபிடித்தவர் ஜெரமி தாமஸ். அதைத் தவம் என்றே சொல்வேன்.

1983-இல் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து மறுபடி விட்டார்கள். காலர்டு ஹில்லுக்கு 2000-இல் வந்தது. உழவு துண்டு துண்டாக்கிவிட்ட நிலத்தில் ஒரு குன்றைக் காத்தால் போதாது, இது நெடுந்தூரம் பறக்கும் பூச்சி அல்ல. ஆகவே பக்கத்துச் சரிவுகளிலும், ரயில் பாதை ஓரத்திலும்கூட புதர் வெட்டி, மாடு மேயவிட்டு, எட்டிப் பறக்கும் தூரத்தில் இடம் அமைத்தார்கள். எனக்குத் தெரிந்த சிவத் திருப்பணி எதற்கும் இது குறைந்ததல்ல.

ஜூனில் அங்கே போகும் அன்பர்களே, போட்டிருக்கும் பாதையை விட்டு இறங்காதீர்கள். புல்லுக்கடியில் புற்று இருக்கிறது.