வேடமும் தையலும்

'வேடம்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு முகங்கள் உண்டு. 'வேடதாரி' என்றால் வஞ்சகன். 'வேடங்கட்டி ஆடுபவன்' என்றால் கலைஞன். புலித்தோல் போர்த்துப் பயிர் மேயும் பசுவைக் காட்டிக் கூடாவொழுக்கத்தைக் கடிந்த வள்ளுவர் சாடியது முதல் வகையினரையே. வஞ்சகன் தன் வேடத்தை மறைக்கின்றான். கூத்தனோ அதனை ஊரறிய அணிந்து, ஊரறியக் களைகின்றான். ஆதலின் கூத்து பொய்யன்று. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. பிறர் ஒருவரின் வாழ்வை எடுத்து உடுத்திக்கொள்ளும் உரிமை கலைஞனுக்கு எங்கிருந்து வந்தது?

தெருக்கூத்து இதற்கு ஒரு விடை தருகின்றது. தமிழகத்தின் வடமாவட்டங்களில், திரௌபதி அம்மன் விழாக்களில், கூத்து மேடையோடு நிற்பதில்லை. பகாசுரனுக்கு உணவு கொண்டுசெல்லும் வீமன் வண்டியேறி ஊரைச் சுற்றி வருவான். தவஞ்செய்யும் அருச்சுனன் உயர்ந்த தபசு மரத்தில் ஏறுவான். ஊரே களமாகின்றது, மக்களும் கதையில் கலந்துவிடுகின்றனர். அக்கலைஞர்கள் தம் முகத்தில் தாமே வண்ணம் தீட்டிக்கொள்வர். கிரீடமும் புசக்கட்டையும் மார்புப் பதக்கமும் கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கப்பட்டு, கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டப் பெறும். அரசனின் பெருமிதம் எத்தனை துண்டுகளால் ஆனது என்பதை அணிபவன் அறிவான். அறிந்தும் அதற்கு உயிர் கொடுக்கின்றான்.

இன்று மேலை நாடுகளிலும் இதனையொத்த ஒரு விளையாட்டு வளர்ந்துள்ளது. அதில் பார்வையாளர் என்று தனியே எவருமில்லை. கூடியோர் அனைவரும் ஏதேனும் ஒரு பாத்திரமாகவே சில மணி நேரமோ சில நாட்களோ வாழ்கின்றனர். அவர்களுள் பலர் தம் உடையைத் தாமே வரைந்து, வெட்டி, தைத்துக்கொள்கின்றனர். கடையில் வாங்க இயலாமையால் மட்டும் அன்று. தைக்கும்போதே பாத்திரம் உள்ளே புகுகின்றது என்பதாலும்தான்.

இது வெறும் நம்பிக்கையா? அரிச்சந்திரன் நாடகத்தை எண்ணிப் பார்ப்போம். அரசனாகிய அரிச்சந்திரனுக்குப் பட்டும் சரிகையும் போதும், எவரும் தைத்துவிடலாம். சுடலை காக்கும் அரிச்சந்திரனின் ஆடைதான் அரிது. அது எங்கே கிழிந்திருக்கும்? எந்தப் பக்கம் கரி படிந்திருக்கும்? கிழிசலைத் தைக்க அவனுக்கு ஊசி கிடைத்திருக்குமா? இவ்வினாக்களை எழுப்பாமல் அவ்வாடையைத் தைக்க முடியாது. எழுப்பியவன் அவனை எள்ளி நகையாட முடியாது.

இவ்வுண்மை செமோர் போன்ற ஊருக்கு மிகப் பொருந்தும். அதனைச் சூழ்ந்திருந்த பால்மரத் தோட்டங்களை இன்றைய மாணவர் பலர் கேள்வியால் மட்டுமே அறிவர். அத்தகைய மாணவன் ஒருவன் பள்ளி நாடகத்தில் பால்வெட்டுத் தொழிலாளியாக வருகின்றான் என்று கொள்வோம். ஒரு கந்தல் சட்டையை மாட்டி, கூனி நடந்து, அவையைச் சிரிக்க வைத்துவிடலாம். அது அவன் பாட்டனையே ஏளனம் செய்வதாகும். அச்சட்டையைத் தானே உருவாக்க முனைந்தால் அவன் கேட்க நேரும். கொசுக்கடிக்கு அஞ்சி முழுக்கைச் சட்டை அணிந்தனரா? விடியுமுன் இருளில் எவ்விளக்கைக் கொண்டு சென்றனர்? உறைந்த பால் துணியில் பற்றினால் எளிதில் போகாதே, அக்கறை எங்கே படிந்தது? விடை வீட்டிலிருக்கும் முதியோரிடம் உண்டு. ஊசியும் நூலும் இவ்வாறு இரு தலைமுறைகளைச் சேர்த்துத் தைக்கின்றன.

எல்லாப் பிள்ளைகளுக்கும் நேரமும் தையல் இயந்திரமும் வாய்க்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. வாடகை உடை பாவமன்று. பல வேளைகளில் அதுவே ஏழைப் பெற்றோருக்குச் செலவைக் குறைக்கும். பிள்ளை தைக்க வேண்டியதைத் தாய் இரவெல்லாம் விழித்துத் தைப்பாளாயின், அங்கே கற்றவள் தாயே, பிள்ளையல்லன். எனவே வேண்டுவது கைத்திறன் அன்று, கைப்பங்கு. வாங்கிய சட்டையில் ஓர் ஒட்டுத்துணியை எண்ணித் தைத்தாலும் போதும்.

மற்றோர் இடரும் உண்டு. தைத்த உடையின் அழகில் தைத்தவனே மயங்கலாம். பரிசும் பளபளப்பிற்கே போகலாம். அப்போது வேடம் பாத்திரத்தை விட்டு விலகித் தற்பெருமையாக மாறிவிடும். தையல் தானாக அறம் ஆவதில்லை. அது எழுப்பும் வினாக்களாலேயே அறமாகின்றது.

பிறர் வாழ்வை அணியும் உரிமை இரவலாகவே கிடைக்கின்றது. இரவல் பொருளைப் பேணிக் காப்பது கடன். அவ்வாழ்வைக் கேட்டறிந்து, அளந்து, தையல் தையலாக உணர்ந்து அணிபவன் அக்கடனை இறுக்கின்றான். நாடகம் பயிற்றும் ஆசிரியர்கள், 'உனக்கு எவ்வேடம் வேண்டும்?' என்று மாணவனைக் கேட்பதோடு நில்லாமல், 'அவர் உடுத்தியதைப் பற்றி நீ யாரிடம் கேட்டாய்?' என்றும் கேட்பார்களாக.